துப்பாக்கி வைத்திருக்குமாறு பணிக்கும் சட்டங்கள்

குடிமக்களிடமிருந்து ஆயுதங்களைக் களையும் சட்டங்கள் உலகெங்கும் உள்ளன. எமது நாட்டிலும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கி இருந்தேயாக வேண்டும் எனக் கட்டளையிடும் சட்டமும் உண்டு என்றால் நம்மில் பலருக்கு வியப்பாகவே இருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள கெனிசோ என்ற சிறு நகரில் 1982 மார்ச் மாதம் முதல் அத்தகைய சட்டமொன்று இருந்து வருகின்றது.

அச்சட்டம் பிறந்ததற்கான காரணம் கெனிசோவில் இருக்கவில்லை. 1981இல் இலினோய் மாநிலத்தின் மோர்ட்டன் குரோவ் என்ற ஊராட்சி தனது எல்லைக்குள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்தது. அமெரிக்காவில் பெரும் பரபரப்பை ஏற்படுத்திய அத்தடைக்குப் பதில் சொல்வது போலவே கெனிசோ நகர சபை தனது கட்டளையை நிறைவேற்றியது. நகர எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஒரு சுடுகலனையும் அதற்குரிய ரவைகளையும் வைத்திருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

எனினும் அக்கட்டளையின் அடுத்த வாசகத்தையும் படிப்பவருக்கு வேறொரு சித்திரம் கிடைக்கும். உடல் அல்லது உள நலக் குறைபாட்டினால் சுடுகலனைக் கையாள இயலாதோர், வறியோர், சமய நம்பிக்கை அல்லது மனச்சாட்சி காரணமாக ஆயுதத்தை விரும்பாதோர், பாரதூரமான குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றோர் ஆகியோருக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எனக்கு விருப்பமில்லை என்று மனச்சாட்சியின் பேரால் கூறும் எவரும் இச்சட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். துப்பாக்கி இல்லை என்பதற்காக எவர் மீதும் அங்கு வழக்குத் தொடரப்பட்டதில்லை. பொலிஸார் வீடு வீடாகச் சென்று சோதித்ததும் இல்லை. ஆக, சட்டம் என்ற பெயரில் வெளியிடப்பட்ட ஓர் அரசியற் பிரகடனமாகவே இதனை நாம் கருத வேண்டியுள்ளது.

ஆயினும் அப்பிரகடனத்தால் குற்றங்கள் குறைந்தன என்ற வாதம் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் துப்பாக்கி ஆதரவாளர்களால் ஓயாது முன்வைக்கப்பட்டு வருகின்றது. சட்டம் வந்த பின்னர் வீடுடைத்துத் திருடும் சம்பவங்கள் பெருமளவு வீழ்ச்சியடைந்தன என்பர். இவ்வாதத்தை ஆராய்ந்து 1989இல் கட்டுரை வெளியிட்ட சமூகவியலாளர்கள் அத்தகைய வீழ்ச்சிக்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கே வந்தனர். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த ஊரில் ஆண்டொன்றுக்கு நிகழும் திருட்டுகள் மிகச் சில. அவற்றில் ஏற்படும் சிறு ஏற்ற இறக்கமும் சதவீதத்தில் சொல்லும்போது மலைபோல் தோன்றும். மேலும், அங்கு ஏற்கெனவே எத்தனை வீடுகளில் துப்பாக்கி இருந்தது, சட்டத்தின் பின் எத்தனை வீடுகள் புதிதாக வாங்கின என்பதைக் கணக்கெடுக்காமல், சட்டத்துக்கு விளைவு கற்பிப்பது எவ்வாறு? 2014 ஏப்ரலில் இதே கெனிசோவில் அமைந்த பொதி விநியோக நிலையமொன்றில் ஊழியர் ஒருவர் துப்பாக்கிப் பிரயோகம் செய்து அறுவரைக் காயப்படுத்திய பின் தன்னையும் மாய்த்துக்கொண்டார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

கெனிசோவைப் பார்த்து வேறு சில ஊர்களும் இவ்வாறான கட்டளைகளை இயற்றின. 2012 டிசம்பரில் கனக்ரிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 சிறார்களும் ஆசிரியர்கள் உள்ளிட்ட 6 பெரியோரும் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற குரல் ஓங்கியது. அதற்கு மறுமொழியாக 2013 ஏப்ரலில் ஜோர்ஜியாவின் நெல்சன் என்ற சிற்றூர் கெனிசோவின் வாசகங்களை அடியொற்றிய கட்டளையை ஏற்றது. துப்பாக்கி வன்முறைக்கு எதிரான அமைப்பொன்று வழக்குத் தொடர்ந்ததும், இக்கட்டளை நடைமுறைப்படுத்தப்படக் கூடியதல்ல என்று அவ்வூர் எழுத்தில் ஒப்புக்கொண்டு அதே ஆண்டிலேயே சமரசம் செய்துகொண்டது.

இன்றைய சட்டங்களை வெறும் வீராப்பு என்று ஒதுக்கிவிடலாம். பழைய சட்டங்களோ அவ்வாறானவை அல்ல. இங்கிலாந்தில் 1181இல் இரண்டாம் ஹென்றி மன்னனும், 1285இல் முதலாம் எட்வேர்ட் மன்னனும் குடிகள் தத்தம் செல்வத்துக்கு ஏற்ப ஆயுதம் வைத்திருக்க வேண்டும் எனப் பணித்தனர். நிரந்தரப் படையோ பொலிஸோ இல்லாத காலம் அது. அம்மரபைத் தொடர்ந்தே அமெரிக்கக் காங்கிரஸ் 1792இல் குடிப்படைச் சட்டத்தை இயற்றியது. 18 வயது முதல் 45 வயது வரையுள்ளோர் ஆறு மாதங்களுக்குள் ஒரு துப்பாக்கியையும் துப்பாக்கிக் கத்தியையும் 24க்குக் குறையாத தோட்டாக்களையும் தம் சொந்தச் செலவில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது அச்சட்டம். 1903 வரை அது ஏட்டில் இருந்தது.

இச்சட்டம் அண்மைக் காலத்தில் எதிர்பாராத ஒரு விவாதத்தில் மீண்டும் தலைகாட்டியது. ஜனாதிபதி ஒபாமாவின் 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் மக்களைக் காப்புறுதி வாங்கும்படி பணித்தபோது, அரசு எதையேனும் வாங்குமாறு கட்டாயப்படுத்தலாமா என்று எதிரணியினர் வினவினர். 1792இல் துப்பாக்கி வாங்கச் சொல்லவில்லையா என்று ஆதரவாளர்கள் திருப்பிக் கேட்டனர். 2011இல் தென் டகோட்டா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் சிலர், 21 வயதடைந்த ஒவ்வொருவரும் துப்பாக்கி வாங்க வேண்டும் எனச் சட்டமூலம் ஒன்றையே சமர்ப்பித்தனர். அது நிறைவேற வேண்டும் என்று அவர்களே விரும்பவில்லை. காப்புறுதிச் சட்டத்தின் அபத்தத்தைக் காட்டுவதே அவர்களது நோக்கம்.

நாம் கவனிக்க வேண்டியது, அந்த 1792ஆம் ஆண்டுச் சட்டம் யாரை விளித்தது என்பதை. சுதந்திரமான, வெள்ளையின ஆண் குடிமக்களை மாத்திரமே அது விளித்தது. அதற்கும் முன்னர் 1770இல், இதே ஜோர்ஜியா ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த காலத்தில், தேவாலயத்துக்குச் செல்லும் வெள்ளையின ஆண்கள் துப்பாக்கியும் ஆறு முறை சுடுவதற்கான மருந்தும் குண்டும் கொண்டு செல்ல வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. தவறுவோருக்கு அபராதம். கொண்டு வந்துள்ளனரா எனப் பரிசோதிக்கும் பொறுப்பு ஆலய நிர்வாகிகளுடையது. ஜெபிக்கப் போகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு? ஞாயிற்றுக்கிழமை வெள்ளையர் ஆலயத்தில் கூடும் வேளையில் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழலாம் என்ற அச்சமே காரணம். அயலிலுள்ள தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் வெடித்த அடிமைகளின் எழுச்சியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே நிகழ்ந்தது. அடிமைத்தளை அகன்ற 1865இலோ, மிசிசிப்பி மாநிலம் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அனுமதியின்றிச் சுடுகலன் வைத்திருப்பதைத் தடைசெய்தது. ஒருவனுக்குக் கடமையாக இருந்தது மற்றவனுக்குக் குற்றமாயிற்று. எண்பதுகளின் நடுப்பகுதி முதல் ஊர்காவல் படை என்ற பெயரில் இங்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகள் அயலூர்களிடையே எத்தகைய ஐயத்தை விதைத்தன என்பதை அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் சுவிற்சர்லாந்தை உதாரணம் காட்டுவோரும் உளர். அங்கு எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள் என்பது தவறான கருத்து. கட்டாய இராணுவ சேவையிலுள்ளோர் தமது சேவைத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் மரபே அங்குள்ளது. 2001இல் சூக் நகரில் மாநிலப் பாராளுமன்றத்துக்குள் புகுந்த ஒருவர் 14 பேரைச் சுட்டுக்கொன்ற பின் அம்மரபும் கேள்விக்குள்ளானது. 2007இல், வீட்டில் வைத்திருக்க வழங்கப்பட்ட இராணுவ ரவைகளை மீளப் பெற அரசு தீர்மானித்தது. துப்பாக்கிகளையும் படைக்கலக் களஞ்சியத்துக்கு மாற்ற வேண்டும் என்ற யோசனையை 2011 பெப்ரவரியில் நடந்த பொதுசன வாக்கெடுப்பில் 56 வீதத்தினர் நிராகரித்தனர். இதற்கிடையில் 2003ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தால் படையின் ஆளணி ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்து, வீடுகளிலிருந்த துப்பாக்கிகளும் குறைந்தன. அதன் பின்னர் சேவை வயதுடைய ஆண்களிடையே தற்கொலைகள் குறைந்ததை 2013இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. வீட்டுத் துப்பாக்கி கள்வனை நோக்கித் திரும்புவதிலும் பார்க்க வீட்டாரை நோக்கியே திரும்புகின்றது என்ற அச்சத்துக்கு இது வலுச் சேர்க்கின்றது.

மோர்ட்டன் குரோவின் கதையும் முடிந்துவிட்டது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என அமெரிக்க உயர் நீதிமன்றம் 2008 ஜூனில் 5க்கு 4 என்ற பெரும்பான்மையுடன் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, அவ்வூராட்சி தனது தடையை அதே ஆண்டில் நீக்கியது. எந்தத் தடைக்கு எதிராக எழுந்ததோ அந்தத் தடை மறைந்த பின்னரும் கெனிசோவின் கட்டளை நீக்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அந்நகரில் 33 ஆயிரம் பேர் வரையில் வாழ்கின்றனர். அவர்களுள் எத்தனை பேரின் வீட்டில் துப்பாக்கி உண்டு என்று நகர நிர்வாகம் கேட்பதில்லை.