ஊர் தாங்கும் பாடசாலை

மட்டக்களப்பைப் பற்றிப் பேசப் புகுந்தோர் கல்லடிப் பாலத்தைக் கூறாது விடுவதில்லை. நிறைமதி நாளின் இரவிலே அப்பாலத்தின் கீழே வாவியில் எழும் மெல்லோசையைப் பற்றி உரைத்தவர் பலர். அதே பாலத்தைக் காலை ஏழு மணியளவிற் கடந்து செல்லும் சிறுவரைப் பற்றி உரைத்தவர் மிகச் சிலரேயாவர். வெள்ளைச் சீருடையணிந்து, முதுகிற் புத்தகப் பையுடன், வான்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் நெருங்கியமர்ந்து அவர்கள் நகரத்துப் பாடசாலைகளை நோக்கிச் செல்கின்றனர். அவர்களுள் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகளும் உளர். அவர்களுடைய வீட்டு வாயிலிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஓர் ஆரம்பப் பாடசாலை இருத்தலுங் கூடும். அதனைக் கடந்து அவர்கள் போவதற்குக் காரணம் யாது? கடந்து செல்லப்பட்ட பாடசாலை எவ்வாறு நிலைத்து நிற்கின்றது? இவ்விரண்டையும் அறிய வேண்டுமாயின், முதலிற் கல்லடியை அறிதல் வேண்டும்.

ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக, இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலமே கல்லடியாகும். உப்போடை, முகத்துவாரம், நாவலடி, டச்பார், நொச்சிமுனை என்னும் குடியிருப்புகள் அதனுள்ளும் அதனை அடுத்தும் அமைந்துள்ளன. கடற்றொழில் செய்வோர், அரசாங்க உத்தியோகத்தர், சிறு கடை வைத்திருப்போர், கைவினைஞர் ஆகியோர் ஒரே ஒழுங்கையில் அயலவராக வாழ்வதை இங்கே காணலாம். பெரும்பாலார் சைவர். கத்தோலிக்கரும் மெதடிஸ்த சபையினரும் அவர்களுடன் கலந்துள்ளனர். டச்பார்ப் பகுதியிலே பறங்கியக் குடும்பங்கள் உள்ளன. தச்சுவேலையிலும் இரும்பு வேலையிலும் கைதேர்ந்தவர் என அவர்கள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவர்கள். அவர்களுள் முதியோர் சிலர் வீட்டிற் பேசுவது போர்த்துக்கேய மொழியின் கிளைமொழி ஒன்றாகும். 1628இல் மட்டக்களப்பிலே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் பத்தே ஆண்டுகளில் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை கைமாறிய பின்னரும் அவர்தம் மொழி சில அடுக்களைகளில் இந்நாள்வரை தங்கியிருப்பது வியப்பிற்குரியதே. இக்குடும்பங்கள் அனைத்தின் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரக்கூடிய இடம் அயற்பாடசாலை ஒன்றேயாம்.

இந்நிலை பழமையானதன்று. 1814இல் மெதடிஸ்த குருவாகிய வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பிற்கு வந்து பாடசாலை அமைத்தார்; மறு ஆண்டிலேயே அவர் காலமானார். அவர் விதைத்தது பின்னர் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. கத்தோலிக்கர் தம் பங்குகள்தோறும் பாடசாலைகளை நிறுவினர். பின்னர் இராமகிருஷ்ண சங்கம் இப்பகுதியிற் கல்விப் பணியை மேற்கொண்டது. சுவாமி விபுலானந்தரின் முயற்சியால் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது. அடிகளார் தாமே மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிற் கற்றவர் என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும். ஆயினும் பொதுவாக நோக்குமிடத்து, அக்காலத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு சமயத்தின் வீடாகவே இருந்தது. அயலிலே பிற சமயத்தார் பாடசாலை மாத்திரம் இருப்பின், பெற்றோர் ஒன்றில் தயங்கித் தம் பிள்ளையை அனுப்பினர். அன்றேல் அனுப்பாது விட்டனர்.

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தினாலும் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. அம்மாற்றத்தை வரவேற்றோரும் எதிர்த்தோரும் உளர். சமய நிறுவனங்கள் பல தலைமுறைகளாகச் செய்த தியாகம் போதிய மதிப்பைப் பெறவில்லை என்னும் குறை நியாயமற்றதன்று. எனினும் அயலிலுள்ள எந்தப் பிள்ளையும் எந்தப் பாடசாலையிலும் உரிமையோடு காலடி வைக்கலாம் என்னும் நிலை அதனால் உறுதியாயிற்று. அரசாங்கம் 1980 முதல் பாடநூல்களையும், 1993 முதல் சீருடைத் துணியையும் இலவசமாக வழங்கத் தொடங்கியது.

உரிமை கிடைத்தபின் எஞ்சுவது நடைமுறை. அதன் நுட்பத்தைச் சமயபாட வேளையிற் காணலாம். இலங்கையிற் சமயம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டாய பாடம். அதுவும் அப்பிள்ளையின் சொந்தச் சமயமே கற்பிக்கப்படுதல் வேண்டும். சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் என்று பாடநூல்களும் தனித்தனியே உள்ளன. ஆரம்பப் பிரிவிலோ ஒரு வகுப்பிற்கு ஓர் ஆசிரியரே ஏறத்தாழ எல்லாப் பாடங்களையும் கற்பிக்கின்றார். இருபத்தைந்து பேர் கொண்ட வகுப்பில் பதினேழு பேர் சைவர், ஆறு பேர் கத்தோலிக்கர், இருவர் மெதடிஸ்தர் என்று கொள்வோம். ஆசிரியை சைவராயின் ஏனைய எண்மரும் எங்கே செல்வது?

இதற்கு அதிபர்மார் கண்ட வழி எளியது. பல வகுப்புகளுக்குச் சமயபாடத்தை ஒரே வேளையில் அமைத்துவிடுவர். அவ்வேளைக்கு மணி அடித்ததும் வகுப்புகள் கலைந்து வேறு விதமாகக் கூடும். மூன்றாந் தரத்தையும் நான்காந் தரத்தையும் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் ஆசிரியையிடம் செல்வர். சைவப் பிள்ளைகள் வேறொருவரிடம் செல்வர். ஆசிரியர் இல்லாத சமயத்திற்கு, அவ்வூர்க் குருவானவரோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, ஞாயிறு பாடசாலையிற் கற்பிக்கும் இளம்பெண் ஒருத்தியோ வந்து உதவுவதுண்டு. அவர்களுக்குச் சம்பளம் இல்லை. நாற்பது நிமிடங் கழிந்ததும் பிள்ளைகள் மீண்டும் தத்தம் வாங்கிற்கு வந்து கணிதப் புத்தகத்தை விரிக்கின்றனர். பிரிந்து சென்றது அவர்களுக்கு ஒரு புதுமையாகவே தோன்றுவதில்லை. நவராத்திரியில் நடைபெறும் வாணி விழாவிற் கத்தோலிக்கச் சிறுமி கோலாட்டம் ஆடுவதும், மார்கழியில் நடைபெறும் ஒளி விழாவிலே நெற்றியில் திருநீறணிந்த சிறுவன் இடையனாக வேடம் பூணுவதும் இத்தகைய பாடசாலைகளிற் பழகிய காட்சிகளே.

இவ்விடத்தில் ஒன்றை மறையாது கூறல் வேண்டும். கல்லடிக்குத் தெற்கே சில கல் தொலைவிற் காத்தான்குடி உள்ளது. அவ்வூர் முஸ்லிம் மக்கள் பேசுவதும் தமிழே. ஆயினும் இலங்கையில் முஸ்லிம் பாடசாலைகள் தனிப் பிரிவாக அமைந்தவை. நோன்பு மாதத்தையொட்டி அவற்றின் விடுமுறைகளுங்கூட வேறாக வரும். ஆகவே, ஒரே தெருவின் இரு முனைகளிலே வாழ்ந்து, ஒரே மொழியிற் கணக்கும் கதையும் கற்கும் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமரும் வாய்ப்பு அரிது. கல்லடிப் பாடசாலையின் பன்மையைப் புகழ்வோர் இவ்வெல்லையையும் கண்திறந்து நோக்குதல் நன்று.

அடுத்துக் கூறத்தக்கது பிள்ளைகளின் உணவு. 2022இல் நாட்டைப் பற்றிய பொருளாதார நெருக்கடியின்போது, வெறும் வயிற்றோடு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் தம் கண்ணாற் கண்டனர். முன்னரே பல பாடசாலைகளில் நடைபெற்று வந்த உணவுத் திட்டம் 2024 மார்ச்சு மாதத்திலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லார்க்கும் உரியதாக விரிவாக்கப்பட்டது. பணம் அரசாங்கத்தினுடையது, சமைக்கும் கை ஊருடையது. பெரும்பாலும் பிள்ளைகளின் தாய்மாரே பொறுப்பேற்றுத் தம் வீட்டில் விடியுமுன் அடுப்பு மூட்டிச் சோறும் பருப்பும் கீரையும் ஆக்கிக் கொண்டு வருகின்றனர். சில நாள்களில் முட்டையோ மீனோ இருக்கும். வேறு சில நாள்களிற் பயறோ கௌபியோ அவித்துக் கொடுப்பர்.

இங்கே அயலறிவு எவ்வளவு பெரிது என்பதைப் பாருங்கள். வெள்ளிக்கிழமையிற் சைவப் பிள்ளைகள் பலர் மச்சம் உண்ணார். தவக்காலத்து வெள்ளியிற் கத்தோலிக்கரும் இறைச்சி உண்ணார். இதனைச் சுற்றறிக்கை எதுவும் கூறத் தேவையில்லை. சமைக்கும் தாய் அதே ஒழுங்கையில் வாழ்பவள். வெள்ளிக்கிழமை மரக்கறி என்று அவள் தானே முடிவு செய்கிறாள். எந்தப் பிள்ளையின் தகப்பன் கடலுக்குப் போகவில்லை, எந்த வீட்டில் நேற்றிரவு அடுப்பெரியவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்; அப்பிள்ளையின் தட்டில் அகப்பை இன்னொரு முறை இறங்கும். ஆனால் அவளுக்குச் சேரவேண்டிய பணம் சில வேளைகளிற் பல வாரங்கள் தாழ்த்தே வருகின்றது. அதுவரை அரிசியைக் கடையிற் கடனுக்கு எடுத்து அரசாங்கத்தின் திட்டத்தை நடத்துபவள் ஓர் ஏழைப் பெண் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது அதிபரைத் தலைவராகக் கொண்டு, பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகியோர் கூடும் அமைப்பாகும். கடதாசியில் அதன் கடமைகள் பல. நடைமுறையில் வேலி கட்டுவதும், மாரி காலத்திற்கு முன் கூரையைத் திருத்துவதும், மணலில் வளர்ந்த புதரைச் சிரமதானத்தால் அகற்றுவதுமே பெரும்பகுதி. மேசையின் கால் ஒடிந்தால் தச்சுத் தொழில் செய்யும் தந்தையார் ஒருவர் மாலையில் வந்து திருத்திக் கொடுப்பார். கோயிற் பரிபாலன சபையார் கொப்பிகள் வழங்குவர். விளையாட்டுக் கழகத்தார் இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கோடு கீறித் தருவர்.

ஊரின் இவ்வலிமை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட நாள் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆகும். ஆழிப்பேரலை நாவலடியையும் டச்பாரையும் திருச்செந்தூர்ப் பகுதியையும் வாரிச் சென்றது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்து நின்ற காட்சியை நாடே கண்டது. எஞ்சிய பாடசாலைக் கட்டடங்கள் பல அகதிகளின் தங்குமிடங்களாயின. மறு ஆண்டு தொடக்கத்தில் வகுப்புகள் மீண்டும் கூடியபோது வரவு இடாப்பில் உள்ள பெயர்களை வாசிப்பதே ஆசிரியருக்குப் பெருந் துயராயிற்று. வெளிநாட்டு உதவியாற் பின்னர்க் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் அத்தொடக்க வாரங்களிற் பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாகச் சென்று கைபிடித்து அழைத்து வந்தவர் அயலவரும் ஆசிரியருமே.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். பிள்ளைகள் ஏன் பாலத்தைக் கடக்கின்றனர்? ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஒரு காரணம். கிராமத்து ஏழைப் பிள்ளை நல்ல பாடசாலைக்குச் செல்ல வழி திறப்பதற்கென்று ஏற்பட்ட அப்பரீட்சை, எந்தப் பாடசாலை 'நல்லது' என்று பெற்றோர் அளக்கும் அளவுகோலாகவும் மாறிவிட்டது. ஆகவே ஆறாந் தரத்திற் செல்லவேண்டிய பயணத்தை முதலாந் தரத்திலேயே தொடங்கிவிடுகின்றனர். முதலாந் தர அனுமதிக்குரிய விதிகளின்படி நூற்றுக்கு 50 இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர்க்கு உரியவை. இவ்விதி அயற்பிள்ளையை அயற்பாடசாலையிற் சேர்ப்பதற்கென்று அமைந்தது. அதற்காகவே நகரத்தில் வாடகை வீடு தேடுவோரும், மின்கட்டணப் பட்டியலில் முகவரி மாற்றுவோரும் உளராயினர். பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 25 இடங்கள் உண்டு. எனவே நகரத்திற் கற்ற தந்தையின் மகனும் நகரத்திலேயே கற்கின்றான்.

பெற்றோரைக் குறைகூறுதல் எளிது, அது நீதியன்று. தன் பிள்ளைக்கு மேலானதை நாடாத தாய் யார்? எனினும் அவர்கள் செல்லும்போது உடன் செல்வது பிள்ளை மாத்திரமன்று. கல்வி அலுவலகத்திற்கு முறையாகக் கடிதம் எழுதத் தெரிந்த எழுதுவினைஞர், கணக்குப் பார்க்கத் தெரிந்த வங்கி உத்தியோகத்தர், கூட்டத்தில் எழுந்து 'கணித ஆசிரியர் ஏன் இன்னும் வரவில்லை?' என்று கேட்கத் துணிந்த பட்டதாரித் தாய் ஆகியோரும் அபிவிருத்திச் சங்கத்தை விட்டு நீங்குகின்றனர். வேலி கட்டவும் சோறாக்கவும் எஞ்சிய பெற்றோர் குறைவின்றி வருகின்றனர். பாடசாலைக்காகப் பேசும் குரலே குறைகின்றது. குரல் குறைந்த பாடசாலைக்கு ஆசிரியர் வருவது தாழ்க்கும்; ஆசிரியர் வராத பாடசாலையிலிருந்து இன்னும் இரண்டு குடும்பங்கள் விலகும். தொகை மிகக் குறைந்த பாடசாலையை அடுத்த பாடசாலையோடு இணைத்துவிடும் யோசனை அதன்பின் எழும். அவ்வாறு இணைக்குமிடத்து வானுக்குப் பணம் கொடுக்க இயலாத பிள்ளையே மிகுதியான தூரம் நடக்க நேரும்.

ஆண்டுத் தொடக்கத்தில் முதலாந் தரப் பிள்ளைகளை வரவேற்கும் வைபவம் எல்லாப் பாடசாலைகளிலும் நடைபெறும். வாயிலில் வாழை கட்டி, இரண்டாந் தரத்துப் பிள்ளைகள் மாலையோடு வரிசையில் நிற்பர். அதிபர் உள்ளே வரும் சின்னஞ்சிறாரை ஒவ்வொருவராக எண்ணுவார். ஆசிரியர் தொகையும் பாடநூற் கட்டும் சீருடைத் துணியும் அவ்வெண்ணிக்கையைப் பொறுத்தே வரும். வாயிலுக்கு வெளியே சமையற் பொறுப்பேற்ற தாயும் நின்று அதே பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பாள். மறுநாள் எத்தனை கொத்து அரிசி போடுவதென்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.