ஒரு விரலும் ஒரு வெற்றியும்

கிரிக்கெட் ஆட்டத்தை நன்கறிந்த நேயர்களுக்கு அமெரிக்க மக்களின் பேஸ்போல் ஆட்டம் ஓரளவு விளங்கக்கூடியதே. ஆயினும் இரண்டிற்குமிடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. கிரிக்கெட்டில் ஆறு பந்துகளுக்கு ஒருமுறை வீச்சாளர் மாறுவர். பேஸ்போலிலோ ஒருவரே தொடர்ந்து வீசுவார். அவரை மாற்றிவிட்டால் அன்றைய ஆட்டத்தில் அவர் மீண்டும் களமிறங்க இயலாது. அத்துணைக் கடும் உழைப்பின் பின்னர் அவரது புயத்துக்குச் சில நாள் ஓய்வு வேண்டும். ஆகவே ஒவ்வோர் அணியும் நான்கைந்து வீச்சாளரை முறை வைத்து ஆடுவிக்கின்றது. அவர்களுள் தலைசிறந்தவர் பருவத்தின் நடுவே நோயுற்றால் அணியின் கதி யாது? 1962ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணி கண்ட அனுபவம் இவ்வினாவுக்குத் தக்க விடையாகும்.

அவ்வணியின் ஒப்பற்ற வீச்சாளர் சாண்டி கோபக்ஸ், இடக்கை வீரர். அப்போது வயது 26. அவ்வாண்டு ஜூன் 30ஆம் திகதி நியூயோர்க் மெற்ஸ் அணியினர் ஒருவரையேனும் செவ்வையாக அடிக்கவிடாது ஆட்டம் முழுவதையும் அவரே வீசி முடித்தார். ஆனால் அந்நாட்களிலேயே அவரது இடக்கைச் சுட்டுவிரலுக்குக் குருதியோட்டம் குறைந்து, விரல் மரத்து விறைத்துக்கொண்டிருந்தது. பந்தின் வேகம் தோளிலும் உடலிலும் பிறப்பினும், அதன் திசையையும் சுழற்சியையும் இறுதியில் முடிவு செய்வது விரல் நுனியே. பந்தை உணராத விரலால் பந்தை ஆள முடியாது. ஜூலை 17ஆம் திகதி, ஓர் இன்னிங்ஸ் மட்டும் வீசிவிட்டு அவர் களம் நீங்கினார். அதற்குள் 14 வெற்றிகளை ஈட்டியிருந்தார். பின்னர் செப்டெம்பர் பிற்பகுதி வரை அவர் வீசவில்லை.

அணி உடனே வீழ்ந்துவிடவில்லை என்பது கவனிக்கற்பாலது. டொன் ட்ரைஸ்டேல் அப்பருவத்தில் 314 இன்னிங்ஸ் வீசி 25 வெற்றிகள் பெற்றார். மோறி வில்ஸ் எதிரணியின் கண் தப்பி ஓடி 104 தளங்களைக் கவர்ந்து, 1915ஆம் ஆண்டு முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். ஊர் கூடித் தேர் இழுப்பது போல, இல்லாதவரின் பாரத்தை ஏனையோர் பகிர்ந்து சுமந்தனர்.

ஆயினும் பாரம் குறையவில்லை, தோள்களே மாறின. பருவத்தின் இறுதி நான்கு ஆட்டங்களிலும் டொட்ஜர்ஸ் தோற்றது. அவற்றுள் கடைசி இரண்டில் அவ்வணி ஓர் ஓட்டமேனும் பெறவில்லை. ஆகையால் வீச்சாளர் இல்லாமை ஒன்றே காரணம் என்று கூறுதல் முழு உண்மையாகாது, துடுப்பாளர்களும் தளர்ந்திருந்தனர். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் அணியும் டொட்ஜர்ஸ் அணியும் தலா 101 வெற்றிகளுடன் சமமாக நின்றன.

முடிவு காண மூன்று ஆட்டங்கள் நடைபெற்றன. பூரண பலம் பெறாத கோபக்ஸ் முதலாவது ஆட்டத்தில் வீச வந்து, இரண்டாவது இன்னிங்ஸிலேயே மாற்றப்பட்டார். ஜயன்ற்ஸ் 8க்கு 0 என வென்றது. இரண்டாவதை 8க்கு 7 என டொட்ஜர்ஸ் வென்றது. மூன்றாவதில், இறுதி இன்னிங்ஸ் தொடங்கும்வரை 4க்கு 2 என முன்னின்ற அதே அணி, வீச்சாளரின் கட்டுப்பாடு தவறிய வேளையில் நான்கு ஓட்டங்களை விட்டுக்கொடுத்து 6க்கு 4 எனத் தோற்றது.

இரண்டு மாதங்களில் இன்னும் ஒரேயொரு வெற்றி கிட்டியிருப்பின் அம்மூன்று ஆட்டங்களுக்கே தேவை இருந்திராது. அடுத்த ஆண்டு விரல் குணமடைந்த கோபக்ஸ் 25 வெற்றிகளும் 5 தோல்விகளும் பெற்றார். 1963ஆம் ஆண்டின் உலகத் தொடரில் டொட்ஜர்ஸ் அணி நியூயோர்க் யாங்கீஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் வென்றது.

தலைவீரனை இழந்த அணியின் எதிர்காலத்தை மதிப்பிட விரும்புவோர் முதல் வாரத்துப் பெறுபேறுகளைக் கண்டு மகிழ்தலும் ஆகாது, மனம் ஒடிதலும் ஆகாது. அவனது பாரத்தைச் சுமப்பவர் எவர், அவர்கள் எத்தனை நாள் தாங்குவர், நோயுற்றவன் முற்றாகக் குணமடைந்த பின்னரே அழைக்கப்படுகின்றானா என்பவற்றையே நோக்குதல் வேண்டும். ஒருவன் இல்லாக் குறை அவன் நீங்கிய அன்று தெரிவதில்லை. அவனுக்காக உழைத்தவர்கள் களைத்த அன்றே தெரிகின்றது.