காரின் வெப்ப உணரி

தீவகத்தில் கார் வைத்திருப்போருக்கு உப்புக்காற்றோடு ஓயாத வழக்கு ஒன்று உண்டு. புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் வாணர் பாலத்தில் செல்லும்போது இருமருங்கும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் அலைத்திவலை வீதியின்மேல் தெறிக்கும். தகடு துருப்பிடிப்பதை எல்லோரும் காண்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அதே உப்புச் செய்யும் கேடு ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, நெடுந்தீவிலிருந்து படகில் கொண்டுவரப்பட்ட நோயாளி ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்காக, குறிகட்டுவான் துறைக்கு என் காரைக் கொண்டுசென்றேன். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்ட கார் அது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகுக்காகச் சிறிது நேரம் காத்திருந்தேன். நோயாளியை ஏற்றியபின் திறப்பைத் திருப்பினால், எஞ்சின் சுழன்றதேயன்றி உயிர்பெறவில்லை. பெற்றோல் மணம் மாத்திரம் மூக்கைத் துளைத்தது. நற்பேறாக அங்கு வந்த வான் ஒன்று அவரை ஏற்றிச் சென்றது, அவரும் பிழைத்தார். ஆயினும், அந்தத் தாயாரைக் கைத்தாங்கலாக என் காரிலிருந்து மீண்டும் இறக்கிய காட்சி இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

காலையில் குளிர்ந்திருக்கும்போது உடனே புறப்படும் கார், சூடேறியபின் மறுப்பது ஏன்? குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் மிகுதியாக வேண்டும்; சூடேறியதற்கு அம்மிகுதி ஆகாது. முன்னாளைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் ‘சோக்’ என்னும் கைப்பிடியை இழுத்து அம்மிகுதியை நாமே கொடுத்தோம். சூடேறியதும் அதனை உள்ளே தள்ளினோம். பெற்றோல் கிடைத்தற்கரியதாயிருந்த 1990களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தார் அக்கார்களைச் சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியதை மறந்தார் எவருமிலர். அன்று காதும் மூக்குமே நமக்குக் கருவிகள்.

1967இல் வொக்ஸ்வாகன் 1600 காரில் பொஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் முறை இடம்பெற்றது. அதன்பின் இத்தொழில் படிப்படியாக எஞ்சின் கணினியின் கைக்கு மாறிற்று. கணினிக்குக் கையுமில்லை, மூக்குமில்லை. எஞ்சினின் சூட்டை அதற்கு அறிவிப்பது, குளிர்த்தும் நீர் ஓடும் வழியிற் பதிந்துள்ள விரற்கடை அளவான வெப்ப உணரியே.

அதன் தத்துவம் பழையது. உலோகக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். ஆனால் வெள்ளிச் சல்பைட்டின் தடை சூடேறக் குறைகின்றது என்பதை மைக்கேல் பரடே 1833இல் கண்டார். நம் உணரியும் அவ்வகையினதே. பல ஜப்பானியக் கார்களில் அதன் தடை 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம். 80 பாகையில் ஏறத்தாழ 200 முதல் 400 ஓம். தடை மிகுந்தாற் குளிர், குறைந்தாற் சூடு என்று கணினி பொருள்கொள்ளும்.

நான் செய்த முதற் பிழையைச் சொல்கிறேன். கராச்சிற் சொன்னபடி புதிய உணரி ஒன்றை வாங்கிப் பூட்டுவித்தேன். கார் நலமாக ஓடிற்று. இரண்டு கிழமைகளில் பழைய நோய் திரும்பிற்று. பொருள் போலி என்று கடைக்காரரை நொந்துகொண்டேன், அதுவும் பிழை. பழைய உணரியைக் கழற்றும்போது அதன் வயர் இணைப்பையும் கழற்றிப் பூட்டினார்களல்லவா? அந்த உராய்வில் இணைப்பின் உள்முனைகளிற் படிந்திருந்த பச்சைக் களிம்பு சற்றே அகன்றது, கார் குணமானது. களிம்பு மீளப் படிந்தது, நோயும் மீண்டது.

வகுப்பறையில் இதனை நாள்தோறும் காண்கிறோம். பின்வாங்கிலிருக்கும் பிள்ளை சரியான விடையையே சொல்கிறது. இடையிலுள்ள இரைச்சலால் அது ஆசிரியரின் செவிக்கு எட்டுவதில்லை. பிள்ளைக்குத் தெரியாது என்று நாம் புள்ளியைக் குறைத்துவிடுகிறோம்.

இனி, வீட்டிலேயே சோதிக்கும் முறையைக் கூறுவேன். தடையளக்கும் பல்மானி ஒன்று போதும். டாஷ்போட்டிலுள்ள சூட்டுமுள் சரியாக நிற்கிறதென்று ஏமாறவேண்டாம். பல கார்களில் முள்ளுக்கு ஓர் உணரியும் கணினிக்கு வேறோர் உணரியும் உண்டு. கணினிக்குரியதற்குப் பெரும்பாலும் இரண்டு வயர்கள் இருக்கும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்க, திறப்பை எடுத்துவிட்டு, உணரியின் இணைப்பைக் கழற்றி அதன் இரு முனைகளுக்குமிடையே தடையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் இணைப்பைப் பூட்டி, வெளியான இடத்தில் எஞ்சினை நன்கு சூடேறும்வரை ஓட்டி நிறுத்தி, மீண்டும் அளவுங்கள். ரேடியேற்றர் மூடியை அவ்வேளை திறத்தலாகாது. கொதிநீர் முகத்திற் பாயும். எண் பெரிதும் குறைந்திருந்தால் உணரி நலமே. குறையாது நின்றாலோ, முனைகளுக்கிடையே தொடர்பே இல்லையென்று மானி காட்டினாலோ, உணரி பழுதென்க.

உணரி நலமாயின் வழியை ஆராய வேண்டும். இணைப்பை மீளப் பூட்டி, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றியபின், கணினியிற் பூட்டியிருக்கும் வயர்த்தொகுதியை விடுவித்து, உணரிக்குரிய இரு வயர்களின் முனைகளில் அளவுங்கள். உணரியில் நேரே அளந்த எண்ணும் வயர்வழியே அளந்த எண்ணும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் வேண்டும். சூடான என் காரில் முதலாவது 300 ஓம்; இரண்டாவது 2,300 ஓம். இடைவழியில் 2,000 ஓம் சேர்ந்துவிட்டது. எஞ்சின் 80 பாகையிற் கொதிக்க, கணினியோ அது 20 பாகையிற் குளிர்ந்து கிடப்பதாக எண்ணிப் பெற்றோலை ஊற்றியது.

எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பீர்கள். அக்காலத்து ரொயோட்டா கார்களில் சோதனைப் பெட்டியின் டீஈ1, ஈ1 என்னும் முனைகளை இணைத்துத் திறப்பைப் போட்டால் விளக்கு மின்னிக் குறியீடு சொல்லும்; 22 என்பது இவ்வுணரியின் வழிக்குரியது. ஆனால் வயர் முற்றாக அறுந்தாலோ ஒன்றோடொன்று தொட்டாலோதான் அது முறையிடும். 2,300 ஓம் என்பது குளிர்ந்த எஞ்சினுக்கு இயல்பான எண்ணாகையால் கணினி ஐயுறவில்லை. விளக்கின் மௌனம் உடல்நலத்துக்குச் சான்றாகாது.

மருந்து எளிது. முனைகளுக்குரிய துப்புரவுத் திரவத்தைத் தெளித்து, மென்மையான தூரிகையாற் களிம்பை நீக்கி, நன்கு உலரவிட்டு, மின்னிணைப்புக்கென விற்கப்படும் கிறீசைச் சிறிது பூசுங்கள். களிம்பு வயரின் உள்ளேயே ஏறியிருந்தால் அந்த முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்துவதே முறை. நான் இதற்குச் செலவிட்டது ஒரு முற்பகல். புதிய உணரியின் விலையோ வீண்போயிற்று.

பொருளை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். உணரியைக் குற்றஞ் சாட்டுமுன் வயரையும் விசாரியுங்கள். குறிகட்டுவானில் படகு அடையும்போது கரையில் நிற்கும் கார், ஒருவருக்கு உயிர்வழியாக அமையலாம். சோளகம் தொடங்குமுன் ஒருமுறையும் ஓய்ந்தபின் ஒருமுறையும் அந்தச் சிறு இணைப்பைக் கழற்றிப் பார்த்தல், தீவகத்தில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கடமையாகும்.