உங்களுக்குத் தெரியுமா? பூட்டிய பட்டிக்குள் புகுந்து தீவனம் வைக்கலாம்!

அமெரிக்காவில் வாயில்லா ஜீவன்களை வதைப்பதைத் தடுக்கும் சட்டங்களைப் பெரும்பாலும் மாநிலங்களே இயற்றுகின்றன. மாசசூசெட்ஸ், ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த 1641-லேயே வளர்ப்பு விலங்குகளைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டது.

நியூயார்க்கின் 1867-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சுவாரசியம். பட்டியில் அடைத்த மாடோ குதிரையோ தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் தீனி, தண்ணீர் இல்லாமல் கிடந்தால், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வைக்கோலும் தண்ணீரும் வைக்கலாம். அத்துமீறல் என்று வழக்குப் போட முடியாது. செலவையும் மாட்டுக்காரரிடமே கறந்துவிடலாம்! சேவல் சண்டை, நாய்ச் சண்டை நடத்துவதற்கும் அதே சட்டம் தடை போட்டது.

எல்லா மாநிலங்களும் இவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. கொடூரமான விலங்கு வதையைப் பெருங்குற்றமாக்க 2014 வரை எடுத்துக்கொண்ட கடைசி மாநிலம், தெற்கு டகோட்டா.