முதல் மூச்சுக்கான ஆயத்தம் தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது

அந்தக் காலத்தில் ஓடைக்கரையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் வந்த பெயர் டோபி காட். அழுக்குத் துணிக்குள் தண்ணீர் எளிதில் இறங்குவதற்குச் சவர்க்காரம் உதவுகிறது. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை அது குறைப்பதே காரணம். ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும் ஒரு பொருள், பிறக்கும் குழந்தையின் நுரையீரலுக்குள்ளும் இருக்கவேண்டும். அது போதாவிட்டால் குழந்தை மூச்சுவிடத் திணறும்.

டோபி காட்டிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. அதன் அருகில் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பராமரிப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் இது. 1924ல் பிள்ளைப்பேற்று மருத்துவமனையாக மாறிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையே இன்றைய கேகே. 1966ல் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்து, கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அது இடம்பெற்றது. இன்று பிறப்புகள் குறைந்துவிட்டன. ஆனால், அன்று பிழைக்க வழியே இல்லாத சின்னஞ்சிறு குழந்தைகள் இன்று வீடு திரும்புகின்றனர்.

நுரையீரல் முதிரும் விதம்

கருவில் இருக்கும் குழந்தை நுரையீரலால் சுவாசிப்பதில்லை. அதற்குத் தேவையான உயிர்வாயு நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. அப்போது நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும்.

ஏறக்குறைய 16வது வாரத்துக்குள் காற்றுக்குழாய்களின் கிளைகள் உருவாகிவிடும். 24வது வாரத்தையொட்டி, காற்றும் ரத்தமும் சந்திக்கக்கூடிய மெல்லிய பைகள் தோன்றத் தொடங்கும். அந்தக் காலகட்டத்தில்தான் ‘சர்ஃபக்டன்ட்’ எனப்படும், கொழுப்பும் புரதமும் கலந்த பொருளும் சுரக்கத் தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 34, 35வது வாரவாக்கில்தான் அது போதிய அளவில் இருக்கும்.

நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கடினம். சர்ஃபக்டன்ட் இல்லாத நுரையீரலில் காற்றுப்பைகள் அவ்வாறே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தை அவற்றைப் புதிதாகத் திறக்கவேண்டியிருக்கும். சில மணி நேரத்திலேயே அது களைத்துவிடும்.

‘ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது’ என்று குடும்பங்களில் சொல்லக் கேட்டிருக்கலாம். அது சரியன்று. கருவறையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலை மேலும் முதிரச் செய்கிறது.

தாயின் உடல்நலம் ஏன் முக்கியம்?

கர்ப்பகாலச் சிக்கல்கள் சில, இந்த வளர்ச்சியை நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதிக்கின்றன.

முதலாவது, ‘பிரீ-எக்லாம்ப்சியா’ எனப்படும் உயர் ரத்த அழுத்தச் சிக்கல். இது பெரும்பாலும் 20வது வாரத்துக்குப் பிறகு தலைகாட்டும். முற்றினால் தாய்க்கு வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம். பிரசவம் மட்டுமே அதற்கு உறுதியான தீர்வு. ஒரு நாள் பொறுத்தால் குழந்தைக்கு நல்லது, ஆனால் தாய்க்கு ஆபத்து என்ற நிலையில் மருத்துவர்கள் முடிவெடுக்கவேண்டியிருக்கும். இச்சிக்கல் வரும் அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு, கர்ப்பகாலத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது உண்டு. மருத்துவர் சொல்லாமல் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, கர்ப்பகால நீரிழிவு. இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இதன் அபாயம் அதிகம். தாயின் ரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை குழந்தைக்கும் செல்கிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின், சர்ஃபக்டன்ட் உருவாவதைத் தாமதப்படுத்தும். அதனால்தான், கொழுகொழுவென்று பிறக்கும் குழந்தையும் சில வேளைகளில் மூச்சுத்திணறலால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேர்கிறது. 24 முதல் 28 வாரங்களில் செய்யப்படும் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

மூன்றாவது, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது. நுரையீரல் விரிந்து வளரப் பனிக்குட நீர் தேவை. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே அந்நீர் வற்றிவிட்டால் நுரையீரல் சிறுத்துப்போகும். கிருமித்தொற்றும் ஏற்படலாம்.

இரண்டு ஊசிகளும் ஒரு நாள் அவகாசமும்

1963ல் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராமையால் 39 மணி நேரத்தில் இறந்தான். அப்போது அதற்குத் தகுந்த சிகிச்சை இல்லை.

நியூசிலாந்து மருத்துவர்களான கிரகாம் லிகின்ஸும் ராஸ் ஹோவியும் 1972ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவாக முதிர்வதை அது காட்டியது. பொதுவாக, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசிகள் போடப்படும். முதல் ஊசிக்கு ஒரு நாள் கழித்து, ஏழு நாள்களுக்குள் குழந்தை பிறந்தால் பலன் அதிகம்.

‘ஸ்டீராய்டு’ என்றதும் சில குடும்பங்கள் தயங்குகின்றன. உடற்கட்டு வளர்ப்போர் தவறாகப் பயன்படுத்தும் மருந்து வேறு, இது வேறு. நீரிழிவு உள்ள தாய்க்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறலாம் என்பதால் கண்காணிப்பு தேவை.

பிறந்த பிறகு

1980ல் ஜப்பானிய மருத்துவர் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பலன் கண்டார். இன்றும் பயன்பாட்டில் உள்ள மருந்துகள் பல மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து பெறப்படுபவை. சமயம் தொடர்பான ஐயம் உள்ள பெற்றோர் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசலாம்.

மூக்கின் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, காற்றுப்பைகள் சுருங்காமல் காக்கும் முறையும் பரவலாகப் பயன்படுகிறது. சுவாசக் கருவியின் அழுத்தமும் மிகையான உயிர்வாயுவும் பிஞ்சு நுரையீரலைப் புண்படுத்தக்கூடும் என்பதால், தேவைக்கு மேல் தராமல் பார்த்துக்கொள்கின்றனர்.

2020ல் சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 212 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு இருந்த பிரீ-எக்லாம்ப்சியாவால் 25 வாரங்களுக்குள்ளேயே அறுவை சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. 13 மாத சிகிச்சைக்குப் பிறகு குழந்தை வீடு திரும்பியது. ஆயினும், அதன் நுரையீரலுக்கு வீட்டிலும் கருவியின் துணை தேவைப்பட்டது.

எப்போது விரையவேண்டும்?

கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மேல்வயிற்று வலி, நீர்க்கசிவு, ரத்தப்போக்கு, விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. கேகே மருத்துவமனையில் மகப்பேற்று அவசர சிகிச்சை 24 மணி நேரமும் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்த பச்சிளங்குழந்தை நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சுவிட்டாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உதடு நீலம்பாரித்தாலோ 995 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும்.

‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்று பெரியவர்கள் அன்போடு சொல்வது வழக்கம். அப்படிப் பொறுக்கும் நேரம், தாய்க்கு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலை ஆயத்தப்படுத்த மருத்துவர்களுக்குக் கிடைக்கவேண்டிய நேரம்.