யாருக்கு விசுவாசம்?

கூடைப்பந்து ரசிகர்களில் ஒரு சாரார் எந்தக் கோஷ்டியையும் தமதென்று கொள்ளாதவர்கள். தம் மனத்துக்கிசைந்த ஆட்டக்காரர் எந்தக் கோஷ்டியில் ஆடுகிறாரோ அதன் வெற்றியை அவர்கள் விரும்புவார்கள்; அவர் வேறு கோஷ்டிக்குச் சென்றால் அவர்களது அபிமானமும் அவரோடு புறப்பட்டுவிடும். அமெரிக்காவில் பழைய ரசிகர்கள் இவர்களை நிலையற்றவர்கள் என்று ஏளனம் செய்கிறார்கள். இக்குற்றச்சாட்டு நியாயமானதன்று என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவதாக, ஆட்டத்தின் இயல்பையே கவனிக்க வேண்டும். களத்தில் பக்கத்துக்கு ஐவரே உளர். முகத்தை மறைக்கும் கவசம் கிடையாது. 48 நிமிஷ ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் பெரும்பகுதி நேரம் களத்திலேயே நிற்கிறார். தாக்குவதும் அவரே, தடுப்பதும் அவரே. தனிமனிதனுடைய திறமையும் சுபாவமும் இவ்வளவு தெளிவாக வெளிப்படும் விளையாட்டுக்கள் சிலவே. ஸ்டீபன் கரி பந்தெறிந்து பழகுவதைப் பார்ப்பதற்கென்றே எதிர்க் கோஷ்டியின் ஊரிலும் ஜனங்கள் ஆட்டம் தொடங்குமுன் அரங்கத்தில் கூடுகிறார்கள். வித்தையை வியப்பவனுக்கு ஊர் ஏது?

இனி, கோஷ்டி என்பதுதான் என்ன? ஊர்ப் பெயரைத் தாங்கிய போதிலும் அது முதலாளிகளின் சொத்து. ‘லேக்கர்ஸ்’ என்ற பெயர் ஏரிகள் நிறைந்த மின்னெஸோட்டா மாகாணத்துக்குப் பொருந்தியது. 1960ல் அக்கோஷ்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. சங்கீதத்தால் புகழ்பெற்ற நியூ ஆர்லியன்ஸின் ‘ஜாஸ்’ கோஷ்டி, 1979ல் பெயரோடு யூட்டா மாகாணம் சென்றது. ஸியாட்டில் நகரத்தார் 41 வருஷம் ஆதரித்த கோஷ்டி 2008ல் ஓக்லஹோமா நகருக்குப் பெயர்ந்தது. நகரசபை வழக்காடியது, முடிவில் 4½ கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. பணம் நகரசபைக்கு வந்தது. கோஷ்டியை இழந்தவர்கள் ரசிகர்கள். அவர்களுடைய விசுவாசத்துக்கு முதலாளிகள் அளித்த மரியாதை இதுவே!

ஆட்டக்காரர்களின் நிலையோ இன்னும் பரிதாபமாயிருந்தது. ஒப்பந்த காலம் முடிந்த பின்னும் அவர்கள்மீது கோஷ்டிக்கே உரிமை என்ற ஏற்பாடு நெடுங்காலம் நிலவியது. விற்றால் போக வேண்டும். வைத்துக்கொண்டால் இருக்க வேண்டும். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரான ஆஸ்கர் ராபர்ட்ஸன் 1970ல் இதை எதிர்த்து நீதிமன்றம் ஏறினார். வழக்கு 1976ல்தான் சமரசமாக முடிந்தது. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நட்ட மரத்தின் கனியைப் பின்வந்தோர் உண்டார்கள். 1988ல் டாம் சேம்பர்ஸ் என்பவர், தடையேதுமின்றித் தம் இஷ்டப்படி கோஷ்டி மாறிய முதல் ஆட்டக்காரரானார்.

இவ்வுரிமையை லெப்ரான் ஜேம்ஸ் 2010ல் உபயோகித்தபோது நடந்தது யாவரும் அறிந்ததே. ஒப்பந்தம் முடிந்து, கிளீவ்லாந்தை விட்டு அவர் மயாமி சென்றார். ரசிகர்கள் அவர் பெயர் பொறித்த சட்டைகளைத் தெருவில் கொளுத்தினார்கள். கோஷ்டியின் முதலாளி அதைத் துரோகமென்று வர்ணித்துப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். முடிவைத் தொலைக்காட்சியில் ஆடம்பரமாக அறிவித்த முறை கண்டிக்கத்தக்கதே. ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டுப் போகிறவன் துரோகியானால், ஸியாட்டிலிலிருந்து கோஷ்டியையே பெயர்த்துச் சென்றவர்களை என்னவென்று அழைப்பது? 2014ல் ஜேம்ஸ் தாமாகவே திரும்பி வந்தார். 2016ல் பட்டம் வென்று கொடுத்தார். சட்டை கொளுத்திய நகரம் அன்று தெருவெல்லாம் திரண்டு கொண்டாடியது.

2025 பிப்ரவரியில் இதற்கு மறுதலையான சம்பவம் நிகழ்ந்தது. முந்திய வருஷம் டல்லாஸ் கோஷ்டியை இறுதிப் போட்டி வரை கொண்டுசென்ற லூக்கா டான்சிச் என்னும் இளைஞரை, அவர் கேளாமலே, அதன் நிர்வாகிகள் நள்ளிரவில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ரசிகர்கள் அரங்கின் வாயிலில் கூடி ஆட்சேபித்தார்கள். ஏப்ரலில் அவர் எதிரியாக டல்லாஸ் வந்தபோது, அங்கத்திய ஜனங்களே அவரை ஆரவாரித்து வரவேற்றார்கள். அவர் கண் கலங்கியதை உலகம் பார்த்தது. அன்றிரவு அவர் 45 புள்ளிகள் எடுத்து டல்லாஸைத் தோற்கடித்தார். கோஷ்டி அபிமானிகள் என்று தம்மைக் கருதியிருந்தோரும் தம் நெஞ்சம் யாரிடமிருந்தது என்பதை அன்று கண்டுகொண்டனர்.

ஆயினும் ஆட்டக்காரர் அபிமானிகளுக்கும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு நட்சத்திரத்தை மட்டுமே நோக்குகிறவன், அவருக்கு வழிவிடத் தம் உடம்பால் எதிரியை மறித்து நிற்கும் தோழனைக் காண்பதில்லை. ஐவர் உழைப்பை ஒருவர் கணக்கில் எழுதுவது அபிமானமன்று, அந்தகாரம். ராபர்ட்ஸனின் பெருமை அவர் எடுத்த புள்ளிகளில் மட்டுமில்லை. பெயர் தெரியாத ஆட்டக்காரர்களுக்காகவும் வழக்காடியதில் இருக்கிறது.

விசுவாசம் உயர்ந்த குணம். ஆனால் அது இருபுறமும் ஓடவேண்டும். கோஷ்டியாயினும் சரி, வேறெந்த ஸ்தாபனமாயினும் சரி, விசுவாசம் வேண்டும் என்று நம்மைக் கேட்கும்போது, “நீ எங்களுக்கு எவ்வளவு விசுவாசமாயிருக்கிறாய்?” என்று திருப்பிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அக்கேள்வியைக் கேட்கிறவன் துரோகியல்லன், சுயமரியாதையுள்ளவன்.