ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வளவும் கிணறும் வேலியுமாக நிலம் கிடைத்த காலத்துப் பழமொழி அது. இன்று கொழும்பு மாநகரில் வீடு கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு நிலம் எங்கே இருக்கிறது? இருக்கும் துண்டு நிலத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே, "மாடிமனை வாங்கிப் பார்" என்று அப்பழமொழியைத் திருத்திக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

மாடிமனை தேடி வருபவர்களுள் முதியோரைப் பெற்றோராகவுடைய குடும்பங்கள் பல. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருப்பார்கள். அல்லது கொழும்பிலேயே உத்தியோகம் பார்ப்பார்கள். ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையருக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகவேண்டும். அப்பொழுது குடும்பத்தார் தரகரிடம் கேட்கும் கேள்விகள் இரண்டே: "ஆஸ்பத்திரி கிட்டவோ? சத்தம் சந்தடி இல்லாத இடமோ?" இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகளே. ஆயினும் அவ்விரண்டோடு நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை எங்கள் குடும்பம் பட்டறிந்தது. அதனை மற்றவர்களும் அறிந்திருப்பது நன்றென்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

கறுவாத்தோட்டமும் அதன் அயலும்

கொழும்பில் அமைதியும் வைத்தியமும் ஒன்றாகக் குடியிருக்கும் பகுதி என்றால் கறுவாத்தோட்டத்தையும் அதன் அயலையுமே முதலிற் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் கறுவா வளர்ந்த மண் அது. இன்று தேசிய வைத்தியசாலை எனப் பெயர் பெற்றுள்ள பொது வைத்தியசாலை 1864ஆம் ஆண்டில் உருவாயிற்று. 1870இல் மருத்துவக் கல்லூரியும், 1879இல் டி சொய்சா பிரசவ மனையும் தோன்றின. பொரளைப் பக்கத்தில் லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை உண்டு. பின்னாளில் கொள்ளுப்பிட்டி, நாரஹேன்பிட்டி முதலிய இடங்களில் தனியார் வைத்தியசாலைகள் எழுந்தன.

தெற்கே வெள்ளவத்தை, தெஹிவளை வாசிகளுக்குக் களுபோவிலையில் உள்ள தெற்குப் போதனா வைத்தியசாலை கிட்டியது. தமிழ்க் கடைகளும் கோயிலும் கடற்காற்றும் ஒருங்கே உள்ள காரணத்தால் வெள்ளவத்தையில் நம்மவர் விருப்புடன் குடியேறுகின்றனர். இவ்விடங்களில் எங்கு வாங்கினாலும் ஒரு வைத்தியசாலை எட்டும் தூரத்தில் இருக்கும். அப்படியானால் கவலை எதற்கு?

ஐந்து மாடி, நான்கு நிமிடம்

எங்கள் ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர். 2017ஆம் ஆண்டில் வடமராட்சியில் இருந்த காணியை விற்றுக் கொழும்பில் ஒரு மாடிமனை வாங்கினோம். ஐந்தாம் மாடி. சாளரத்தைத் திறந்தால் ஒரு வைத்தியசாலையின் கூரை தெரியும். "ஐந்து நிமிடத்தில் போய்விடலாம்" என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி. நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள் அவை. இரவு எட்டு மணியளவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐயாவின் கையிலிருந்து பிட்டு நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிற்று. பேச்சுக் குழறிற்று. பாரிசவாதம் என்பது எங்களுக்கே விளங்கிவிட்டது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதும் பரவிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவையினர் விரைவாகவே வந்தனர். ஆனால் லிப்ட் அசையவில்லை. மின்பிறப்பாக்கி உண்டு, அதற்கு ஊற்ற டீசல் இல்லை. தூக்குப் படுக்கையுடன் ஐந்து மாடி ஏறி வந்தார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் அது திரும்பவில்லை. ஈற்றில் சாப்பாட்டு மேசை நாற்காலியொன்றில் ஐயாவை இருத்தி, அம்மாவின் சேலையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். அம்புலன்ஸ்காரர் இருவரும், எதிர்வீட்டுச் சிங்கள இளைஞரும், காவலாளியும், நானும் மாறி மாறித் தூக்கினோம். மூன்றாம் மாடி வீட்டு முஸ்லிம் அம்மையார் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பின்புறமாகவே படியிறங்கினார்.

கட்டிலிலிருந்து தெருவாசலுக்கு வர 25 நிமிடம் சென்றது. தெருவாசலிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்ல நான்கே நிமிடம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும் என்பர் வைத்தியர். அதற்குள்ளும் முந்தினால் முந்தியளவுக்கு நன்மை. நல்லவேளை, நாங்கள் பிந்தவில்லை. ஐயா பிழைத்தார், வலக்கை மாத்திரம் முன்போல் வழங்கவில்லை. பேச்சுத் திரும்பிய பின் அவர் சொன்ன வார்த்தை இது: "தம்பி, ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிஞ்சது; இறங்கத்தான் வழி தெரியேல்லை."

அளவுநாடாவை எடுத்துச் செல்லுங்கள்

ஆகவே, ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று கேட்பதற்கு முன்னர், நோயாளியின் கட்டிலிலிருந்து தெருவாசல் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

வீடு பார்க்கச் செல்லும்போது ஓர் அளவுநாடா கையில் இருக்கட்டும். எட்டுப் பேர் ஏறத்தக்க லிப்டின் உட்புறம் பெரும்பாலும் 1.1 மீற்றர் அகலமும் 1.4 மீற்றர் ஆழமும் உடையது. தூக்குப் படுக்கையோ ஏறக்குறைய 2 மீற்றர் நீளம். நோயாளியைக் கிடத்தியபடி கொண்டுசெல்ல 2.1 மீற்றர் ஆழமுள்ள லிப்ட் வேண்டும். பதின்மூன்று பேர் ஏறும் லிப்டுகள் சில அவ்வாறு அமைந்திருக்கும். கட்டடத்தில் உள்ள லிப்டுகளில் ஒன்றாவது அத்தகையதா என்று அளந்து பாருங்கள். படிக்கட்டின் திருப்பத்தையும், படுக்கையறைக் கதவையும், குளியலறைக் கதவையும் அளந்துகொள்ளுங்கள். சக்கர நாற்காலி நுழையாத குளியலறை முதியவருக்கு உதவாது.

மின்பிறப்பாக்கி உண்டு என்ற சொல்லோடு திருப்தியடைய வேண்டாம். அது லிப்டையும் இயக்குமா, நடைவழி விளக்கை மாத்திரம் எரிக்குமா? எத்தனை மணி நேரத்துக்கு எண்ணெய் இருப்பில் வைக்கப்படுகிறது? யார் அதற்குப் பொறுப்பு? காவலாளியிடம் கேட்டால் உண்மை வெளிவரும்.

எல்லாவற்றிலும் மேலான காப்பு, தாழ்ந்த மாடி. கடற்காட்சிக்கும் காற்றுக்கும் மேல் மாடிதான் இனியது. ஆனால் எழுபது வயதைக் கடந்தவர் குடியிருக்கும் வீட்டுக்கு முதலாம் அல்லது இரண்டாம் மாடியே தக்கது. லிப்ட் ஓடாத நாளிலும் நாலு பேர் கைகொடுத்தால் இறங்கிவிடலாம் அன்றோ?

அமைதியை எப்பொழுது பார்ப்பது?

தரகர் வீட்டைக் காட்டுவது ஞாயிற்றுக்கிழமை காலையில். அப்பொழுது எந்தத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். வேலைநாளில் மூன்று முறை சென்று பார்க்கவேண்டும்: பாடசாலை கூடும் காலை ஏழு மணிக்கு ஒரு முறை; பாடசாலை கலையும் பகல் ஒன்றரை மணிக்கு ஒரு முறை; இரவு பத்து மணிக்கு ஒரு முறை. ஒழுங்கையின் இருமருங்கும் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருந்தால் அம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்பதும் அப்பொழுது தெரிந்துவிடும்.

வைத்தியசாலையின் நேரெதிரே வாங்குவதிலும் ஒரு தொல்லை உண்டு. நோயாளரைப் பார்க்கும் வேளையில் முச்சக்கர வண்டிகளும் மருந்துக்கடைக் கூட்டமும் தெருவை அடைத்துக்கொள்ளும். நள்ளிரவிலும் அம்புலன்ஸின் ஒலி கேட்கும். இரண்டு தெரு தள்ளி இருப்பது உத்தமம். காலி வீதிக்கு மேற்கே, கடற்கரையோரம் வாங்குபவர் புகைவண்டியின் ஓசையை நினைவிற் கொள்ளவேண்டும். உப்புக்காற்று சாளரக் கம்பிகளையும் குளிரூட்டியையும் அரித்துத் தின்னும். அடுத்த வளவு வெறுமையாகக் கிடந்தால் மகிழ வேண்டாம். நாளை அங்கும் ஒரு மாடி எழும். கட்டிமுடியும் வரை கொங்கிறீட் யந்திரத்தின் சத்தத்தோடு காலந்தள்ள வேண்டும்.

உறுதி உறுதியாக இருக்கவேண்டும்

ஐயா வீடு திரும்பியதும் அந்த ஐந்தாம் மாடியை விற்றுவிடத் தீர்மானித்தோம். வாங்க வந்தவர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தார். வங்கியார் உறுதியைப் பார்த்துவிட்டுக் கைவிரித்தனர். எங்கள் கையில் இருந்தது நிலத்தின் ஒரு பிரிபடாப் பங்குக்கான உறுதி மாத்திரமே. குறித்த அந்த வீடு எங்களுடையது என்பதைக் காட்டும் கூட்டாதன வரைபடம் பதியப்படவே இல்லை. முடிவில் கடன் வேண்டாத ஒருவர் வந்து, விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிச் சென்றார். வடமராட்சிக் காணியின் ஒரு பகுதி இவ்வாறு காற்றிற் போயிற்று.

பிரிபடாப் பங்கு என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. பங்கு வழக்குகளிலே தலைமுறைகளைக் கழித்தவர்கள் நாம். ஒரே நிலத்தின்மேல் அடுக்கடுக்காய் உள்ள வீடுகளைத் தனித்தனி ஆதனங்களாகப் பதிவதற்கென்றே 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் ஆக்கப்பட்டது; 1982இலும் 2003இலும் அது திருத்தப்பட்டது. அச்சட்டத்தின்படி நில அளவையாளர் வரைந்த கூட்டாதன வரைபடம் அங்கீகாரம் பெற்றுக் காணிப் பதிவகத்தில் பதியப்படல் வேண்டும். அவ்வாறு பதியப்பட்டால் உங்கள் வீடு தனி ஆதனம். படிக்கட்டு, லிப்ட், நிலம், கூரை முதலியன எல்லாருக்கும் பொது.

ஆதலால் முற்பணம் கொடுக்கும் முன்னரே சில பத்திரங்களைக் கேட்டுப் பெறுங்கள். பதியப்பட்ட கூட்டாதன வரைபடம் முதலாவது. கட்டடம் அங்கீகரித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்பதற்கான இணக்கச் சான்றிதழ் இரண்டாவது. அங்கீகரித்தது நாலு மாடி, கட்டியது ஆறு மாடி என்றால் மேலுள்ள இரண்டும் யாருடைய தலையில் விழும்? நீங்கள் நம்பும் நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுகளுக்காவது பின்சென்று ஈடு, வழக்கு முதலிய வில்லங்கங்களை ஆராயச் செய்யுங்கள். விற்பவரின் நொத்தாரிசே உமக்கும் நொத்தாரிசாக இருத்தல் தகாது.

கொள்விலையோடு முடிவதில்லை

மாடிமனை கைமாறும்போது முத்திரைத் தீர்வை உண்டு. மேல் மாகாணத்தில் முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு 3; மிகுதிக்கு நூற்றுக்கு 4. இரண்டரைக் கோடி ரூபாப் பெறுமதியான வீட்டுக்குத் தீர்வை மாத்திரம் ஒன்பது இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம் ரூபா. இதனோடு நொத்தாரிசின் கூலியும் சேரும்.

பின்னர் மாதக் கட்டணம். வீட்டுச் சொந்தக்காரர் யாவரும் அங்கத்தவரான முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும். கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இவற்றை மேற்பார்வை செய்யும். அக்கூட்டுத்தாபனம் பெயரளவில் இருக்கிறதா, உண்மையில் கூடுகிறதா என்று விசாரியுங்கள். சென்ற ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். லிப்ட் பழுதானால் செலவிட நிதி இருக்கிறதா? கட்டடத்துக்குக் காப்புறுதி உண்டா? விற்பவர் கட்டணப் பாக்கி வைத்திருக்கவில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் குறைவான கட்டடம் மலிவானது என்று எண்ணுவது பேதைமை. டீசல் இல்லாத மின்பிறப்பாக்கி எங்களுக்கு அதைத்தான் கற்பித்தது.

இப்பொழுது இருக்கும் வீடு

2023ஆம் ஆண்டில் இரண்டாம் மாடியில் வேறொரு வீடு வாங்கினோம். முன்னையதிலும் சிறியது; பழைய கட்டடம்; வைத்தியசாலைக்கும் முன்னையதிலும் தூரம். பகல் வேளையில் காரிற் செல்லப் பன்னிரண்டு நிமிடமாகும். வரைபடம் பதியப்பட்டிருக்கிறது. லிப்டை அளந்தேன், படுக்கை நுழையும். மாதந்தோறும் முதல் ஞாயிறு காலையில் மின்பிறப்பாக்கியை இயக்கிப் பார்க்கிறார்கள். அந்தச் சத்தம் எங்களுக்குத் தொல்லையாகப் படுவதில்லை.

உறவினர் சிலர் வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்ததை விட்டு ஏன் இவ்வளவு தள்ளி வந்தீர்கள்?" என்று கேட்கின்றனர். ஐயாதான் மறுமொழி சொல்லுவார். இடக்கையில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக எண்ணி, லிப்டைத் தொடாமலே கீழே இறங்கிக் காட்டுவார். முப்பத்திரண்டு படிகள். கீழே நின்று மேலே நிமிர்ந்து பார்த்து, "இப்பதான் கிட்ட வந்திருக்கிறம்" என்பார்.